மாஸ்டர் போனார், புகை போகவில்லை

கத்தரியை எடுத்தால் துணி தானாக வழிவிடும் என்று ஊரே மெச்சும் எங்கள் கட்டிங் மாஸ்டரும், என் அக்கா மகளைக் கைப்பிடித்தவருமாகிய மாப்பிள்ளை அவர்களின் திருமுன், உங்கள் மாமன் பணிவோடும் தொண்டைக் கரகரப்போடும் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம், கடை நலம், தையல் மெஷின்கள் அனைத்தும் நலம். உங்கள் மனைவியும் நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நிறுத்தி நிறுத்தி இருமினாள் என்பதை எழுத வேண்டாம் என்றாள், அதையும் எழுதிவிட்டேன். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறவள் இப்படி இருமினால் ஊசி துணியில் இறங்குமா, விரலில் இறங்குமா என்று எனக்குக் கவலை. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு என்ன இறங்குகிறதோ என்பது அதைவிடப் பெரிய கவலை. நிற்க.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்களைப் பெற்றவர்களும் நம்ப மாட்டார்கள். நடந்ததைப் பார்த்த நானே பாதிதான் நம்புகிறேன். ஆனாலும் என் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பின் மேல் ஆணையிட்டு, ஓர் அங்குலம் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

புது மெஷின் பழக நீங்கள் வெளியூர் புறப்பட்டுப் போன மறுநாள் காலை, கடையைத் திறந்து ட்ரையல் ரூம் திரையை விலக்கினேன். உள்ளே ஸ்டூலின் மேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உங்கள் சிகரெட் புகை உட்கார்ந்திருந்தது. நீங்கள் ஏறிய பஸ்ஸில் அது ஏறவே இல்லை!

"யாருப்பா நீ?" என்றேன்.

"மாஸ்டரோட ஆளு," என்றது.

"மாஸ்டர்தான் ஊருக்குப் போயாச்சே, நீ போகலையா?"

"அவருக்கென்ன, வருவாரு, போவாரு. நான் இங்கயே குடியிருக்கறவன். சுவத்துல பாதி, திரையில பாதி."

எனக்கு உடனே உங்கள் வாதம் நினைவுக்கு வந்தது. "திரையை இழுத்து விட்டுக்கிட்டு உள்ளதானே மாமா பிடிக்கறேன், வெளிய வருமா?" என்பீர்களே. நீங்களே வெட்டி, நீங்களே தைத்து மாட்டிய திரை அது. கீழே முழங்காலோடு நின்றுவிடும். மேலே ஒரு ஆள் எட்டிக் குதிக்கலாம். எந்தத் துணிக்குள் எது அடங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிற மாஸ்டர், புகைக்கு மட்டும் அளவெடுக்காமல் சட்டை தைத்துவிட்டீர்களே, மாப்பிள்ளை!

அன்றைக்குக் கணக்கு வாத்தியார் புது பேன்ட்டைப் போட்டுப் பார்க்க உள்ளே போனார். கண் சிவந்து வெளியே வந்தார். சற்று நேரத்தில் அவர் மனைவி அவரைத் தரதரவென்று கடைக்கு இழுத்து வந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க, இவரு எப்ப இருந்து பிடிக்கறாரு?"

"அம்மா, அவரு பேன்ட்தான் போட்டுப் பார்த்தாரு."

"பேன்ட்டை இடுப்புலதானே போட்டாரு? மீசைல எப்படி வாடை வந்துச்சு?"

சந்தேகம் தீர அந்த அம்மாளே திரைக்குள் போய் நின்று சோதித்தார். வெளியே வந்ததும் வாத்தியார் அவரை மோந்து பார்த்து, "நீ எப்ப இருந்து?" என்றார். இருவரும் தெருவின் இரண்டு ஓரங்களில் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஷோகேஸ் பொம்மைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை டீ நிறத்துக்கு வந்துவிட்டது. ஒருவர் அதே கலரில் துணி கேட்டார். "இது கிடைக்காது சார், ஊறவைக்கணும்," என்றேன். அந்தப் பொம்மையோ மூச்சு வாங்கத் தெருப்பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நுரையீரலே இல்லாத ஜென்மத்துக்கே இந்தக் கதி.

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. புகையை விரட்டலாமென்று ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். அதுவோ ராட்டினம் ஏறியதுபோல ஃபேனில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி, வாசலை விட்டுவிட்டு, நேரே உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கும் மூலைக்குப் போயிற்று.

"ஏய், அங்க எங்க போற?"

"எனக்கு அங்கதான் பழக்கம். மாஸ்டர் பத்த வச்சதும் நேரா அங்கதான் போவேன். பிடிக்கிறவருக்காவது பஞ்சு வச்சு வடிகட்டித் தர்றாங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கு நுனியிலிருந்து அப்படியே முழுசாப் போய்ச் சேருவேன்," என்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள இன்னொருத்தர் இருக்காராமே, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்," என்றது.

எனக்கு வந்ததே கோபம்! உங்கள் பெரிய கத்தரியை எடுத்து நடுவாக ஒரே வெட்டு. இரண்டானது. இன்னொரு வெட்டு, நாலானது. நாலும் சேர்ந்து சிரித்தன. கத்தரியைப் போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவே அதுவும் ஏறிக்கொண்டது, அவள் தலைமுடியில் கொஞ்சமும் என் காலரில் கொஞ்சமுமாக.

டாக்டரம்மா அவள் மூச்சைக் கேட்டார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். "உங்களுக்கு வெக்கமா இல்ல? வயித்துப் பிள்ளைக்காரி பக்கத்துல வச்சு ஊதறீங்களே!" என்று ஒரு பிடி பிடித்தார் பாருங்கள், மேஜைமேல் இருந்த தண்ணீர் கொதித்துவிட்டது. திரை, ஜன்னல் என்று உங்கள் சார்பில் வாதாடினேன். "திரை போட்டாலும் வரும், ஜன்னலைத் திறந்தாலும் வரும், அடுத்த ரூமுக்குப் போனாலும் பின்னாலயே வரும். குழந்தை எடை குறைஞ்சு பொறக்கலாம், நாளாகறதுக்கு முன்னாலயே பொறக்கலாம், பொறந்தப்புறம் மூச்சு இழுக்கலாம். நீங்க ஊதறதுக்கு அது ஏன் இருமணும்?" என்றார். அவர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்களெல்லாம் பையிலிருந்த சிகரெட்டைத் தூக்கி எறிந்தார்கள். புகைக்கும் பழக்கமே இல்லாத ஒருவர் பயத்தில் சீப்பை எறிந்துவிட்டார்.

உங்கள் கத்தரிக்குக் கூர் குறையாதிருக்கட்டும். புது மெஷின் உங்கள் கைக்கு அடங்கட்டும். வரப்போகிற பிள்ளை தெருவே எழுந்து உட்காரும்படி நெஞ்சு நிறைய மூச்செடுத்து அழட்டும்.

மூச்சுள்ளவரை உங்கள் அன்பு மாமன்.

பி.கு.: மேலே எழுதியது அத்தனையும் புளுகு. புகை பேசவில்லை. வாத்தியாரும் மனைவியும் பேன்ட்டை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகத்தான் போனார்கள். பொம்மையின் சட்டை வாங்கும்போதே அந்த நிறம். டாக்டரம்மா சத்தமும் போடவில்லை, மெதுவாகத்தான் பேசினார். "பக்கத்துல யாரும்மா பிடிக்கறது?" என்று அவர் கேட்டதும், உங்கள் மனைவி சட்டென்று என்னைக் கை காட்டி, "எங்க மாமாதான்," என்றாளே, அந்தச் சின்ன விஷயம் மட்டும் நிஜம். பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டைத் தொட்டறியாதவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெளியே வந்து, "ஏன்டி இப்படிப் பண்ணின?" என்றேன். "உங்களைத் திட்டினா நீங்க சிரிச்சுட்டுப் போயிடுவீங்க மாமா. அவரைத் திட்டினா எனக்குத் தாங்காது," என்றாள். சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று நான் டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன், மாப்பிள்ளை. நான் எதை விடுவது?