வீழ்ச்சி எதிர்ப்பு மேலங்கி

குதிரையிலிருந்து கீழே விழுந்தால் மனிதர்களுக்கு அடிபடும் என்ற விவரம் பூங்காப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்து மூலமாகத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில்தான். அதுவரை வாய்மொழியாக மட்டுமே தெரியும். வாய்மொழியாகத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு துறை என்ன செய்துவிட முடியும்?

எழுதிக் கொடுத்தவர் சவாரி அக்கா. நகரத்துப் பெரிய பூங்காவைக் குதிரைமேல் சுற்றிவந்து காவல் பார்ப்பது அவர் வேலை. அந்தப் பெயர், அங்கே காலையில் நடக்க வருகிறவர்கள் வைத்தது. துறையின் பட்டியல்படி குதிரைக் காவலர்கள் நான்கு பேர். மூன்று பேர் முதுகுவலியைக் காட்டி நாற்காலிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது அக்காவும், செம்பட்டை என்று அவர் கூப்பிடும் பெண்குதிரையும்.

விழுந்த கதை சின்னதுதான். ஓர் அம்மாள் செம்பட்டையின் காதருகே குடையை விரித்தார். குதிரை வலது பக்கம் போனது, அக்கா இடது பக்கம் போனார். இரண்டு விலா எலும்புகளில் விரிசல், மூன்று வாரம் படுக்கை. சிரித்தால் வலித்தது. தும்மினால் உயிர் போய்த் திரும்பி வந்தது.

அவருடைய கணவர் தையல்காரர். இருமல் வந்தால்கூட மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொள்கிற மனிதர். ஒருநாள் கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"பந்தயக் குதிரை ஓட்டுறவங்க எல்லாம் நெஞ்சுக்கும் முதுகுக்கும் தடியா ஒரு கவசச் சட்டை போட்டிருக்காங்களே. உனக்கு மட்டும் ஏன் தரல?"

"நான் கேக்கல."

"கேளு. இல்லன்னா நானே ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

"நாமளா வாங்கிப் போட்டா சீருடை விதிமீறல். விளக்கம் கேப்பாங்க."

"விலா உடைஞ்சதுக்கு?"

"அதுக்கு விளக்கம் கேக்க மாட்டாங்க."

அப்படித்தான் அந்த விண்ணப்பம் பிறந்தது. பிரிவு அலுவலர் நல்ல மனிதர். அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"விழுந்தீங்களாம்மா?"

"விழுந்தேன் சார்."

"வேலை நேரத்துலயா?"

"ஆமா சார்."

"உங்க கடமைப் பட்டியல்ல விழறதுன்னு ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப கடமையில இல்லாத ஒரு காரியத்தை வேலை நேரத்துல செஞ்சிருக்கீங்க. சரி, அது போகட்டும். விழாம இருக்கறதுக்கு முயற்சி எடுத்தீங்களா?"

"நான் எடுத்தேன் சார். குதிரை எடுக்கல."

'குதிரை ஒத்துழைக்கவில்லை' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு அவர் கோப்பை மேலே அனுப்பினார். மேலேயிருந்து ஒரு படிவம் கீழே வந்தது. கார்களுக்காக அச்சடித்த படிவம், கார் என்ற இடத்தில் அடித்துவிட்டுக் குதிரை என்று கையால் எழுதியிருந்தார்கள். 'ஊர்தியில் இருக்கைப் பட்டை பொருத்தப்பட்டுள்ளதா? இல்லையெனில் காரணம் கூறுக.' அக்கா பொறுமையாக எழுதினார்: 'பொருத்தினால், குதிரை விழும்போது நான் அதற்கு அடியில் இருப்பேன்.' இந்தப் பதில் ஏற்கத்தக்கதா என்று முடிவு செய்யவே இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் விலா தானாகவே கூடிக்கொண்டது. அக்கா பழையபடி செம்பட்டைமேல் ஏறிவிட்டார். கவசம் இல்லாமல்தான். குடையைக் கண்டால் மட்டும், குதிரை மிரள்வதற்கு முன்னாலேயே அவருக்கு உடம்பு நடுங்கியது.

ஒருவழியாக, தகுந்த மேலங்கியைத் தேர்ந்தெடுக்க உயர்மட்டக் குழு அமைந்தது. இயக்குநர், கொள்முதல் அலுவலர், சட்ட ஆலோசகர் என மூன்று பேர். மூவருமே குதிரையைப் படத்தில் நன்றாகப் பார்த்திருந்தார்கள். அக்காவையும் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தபோது சட்ட ஆலோசகர் மறுத்தார். "போட்டுக்கப் போறவங்க குழுவுல இருந்தா அவங்க உயிரைப் பத்தியே யோசிப்பாங்க. நடுநிலை இருக்காது." ஆகவே மாதிரிச் சட்டைகளைத் தூக்கிப் பிடிக்கிற பொறுப்பு மட்டும் அக்காவுக்குத் தரப்பட்டது.

மாதிரி இரண்டு விதம். ஒன்று உள்ளே அடர்த்தியான நுரைத் தகடு வைத்தது. இன்னொன்று காற்றுச் சட்டை. பார்க்க மெல்லிசாக இருக்கும். உள்ளே சின்னதாக ஒரு வாயு உருளை, வெளியே ஒரு கயிறு. கயிற்றைச் சேணத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் குதிரையைவிட்டுப் பிரிந்ததும் கயிறு இழுபட்டு, கண் இமைப்பதற்குள் சட்டை உப்பிவிடும்.

"சார், எதுவா இருந்தாலும் உடம்போட ஒட்டி இருக்கணும்," என்றார் அக்கா, கேட்காமலே. "உக்காந்தா கீழ் விளிம்பு சேணத்துல இடிக்கக் கூடாது. கையை நல்லாத் தூக்க வரணும். நுரை வெச்சது ஒருதரம் பலமா அடி வாங்கிட்டா மாத்திடணும். காத்து வெச்சதுன்னா, இறங்கறதுக்கு முன்னாடி கயித்தைக் கழட்டணும், மறந்தா..."

"அதெல்லாம் தொழில்நுட்பம்," என்றார் கொள்முதல் அலுவலர். "நாம இப்ப கொள்கை பேசிட்டு இருக்கோம்."

இயக்குநர் நுரைச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். முகம் சுருங்கியது. "தொப்பை இருக்கற மாதிரி காட்டுது," என்றார். தொப்பை இருந்தது. இருந்தாலும் சட்டைமேல் பழி போட்டுக் குறிப்பெழுதப்பட்டது. பிறகு காற்றுச் சட்டையைப் போட்டார். இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். "இதுல உள்ளே ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு," என்று மனம் குளிர்ந்து சொன்னார். காற்றுச் சட்டை ஒருமனதாகத் தேர்வாயிற்று.

சட்டை வந்தது. அக்காவுக்கு அளவாகவும் இருந்தது. ஆனால் உருளை வைக்கிற பை காலி. அக்கா கிடங்குக்குப் போனார்.

"உருளையைத் தர முடியாதும்மா," என்றார் கிடங்குக் காப்பாளர். "அழுத்தம் ஏத்தின வாயு. அபாயகரமான பொருள் பட்டியல்ல வருது. பூட்டித்தான் வெக்கணும்."

"அது இல்லாம சட்டை வேலை செய்யாதே."

"வேணும்னா தருவோம். விழறதுக்கு மூணு வேலை நாள் முன்னாடி விண்ணப்பம் குடுங்க. தோராயமா தேதி போட்டாப் போதும்."

"எப்ப விழுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? குதிரைக்குத்தான் தெரியும்."

"அப்ப அதுகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். கிண்டலாகத் தெரியவில்லை.

அன்று வீட்டில் கணவர் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தையலைப் புகழ்ந்தார். "இனிமே எனக்கு நிம்மதி," என்றார். பை காலி என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

தொடக்க விழாவுக்கு மட்டும் ஓர் உருளை வெளியே வந்தது, இயக்குநரின் சட்டைக்கு. அவர் நாற்காலி போட்டுச் செம்பட்டைமேல் ஏறினார். குதிரை பத்தடி நடந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். பிறகு இறங்கினார்.

"சார், கயிறு," என்றார் அக்கா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். இயக்குநர் இருந்த இடத்தில் ஒரு மூட்டை இருந்தது. மூட்டைக்கு மேலே அவருடைய தலை, இரண்டு பக்கமும் கீழே இறங்காத கைகள். கழுத்துப் பட்டை உப்பி முகவாயை மேலே தள்ளியதால் அவரால் வானத்தைத்தான் பார்க்க முடிந்தது. யாரோ ஒரு துணை இயக்குநர், இது நிகழ்ச்சி நிரலில் உள்ளதுதான் என்று நினைத்துக் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் படம் வந்தது. அடியில், 'தலைநிமிர்ந்த நிர்வாகம்.'

அதோடு ஊருக்கே மோகம் பிடித்துக்கொண்டது. முதலில் துணை இயக்குநர்கள் உப்பிக்கொண்டு வந்தார்கள். பிறகு வங்கிக்காரர்கள், வக்கீல்கள், கல்லூரி மாணவிகள். குதிரையின் வாலைக்கூடப் பார்த்திராதவர்கள் காற்றுச் சட்டை இல்லாமல் வாசல் தாண்டவில்லை. கயிற்றை எங்கே மாட்டுவது என்பதில் ரசனை வேறுபட்டது. சிலர் கைப்பையில் மாட்டினார்கள், சிலர் நாற்காலிக் கையில், புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒருவர் இடுப்புவாரில் மற்றவர். பேருந்தில் இரண்டு பேர் உட்கார மூன்று இருக்கை வேண்டியிருந்தது. லிஃப்டுக் கதவுகள் மூடவில்லை. சட்டைமேல் போட ஒரு சட்டை தைத்துக்கொடுங்கள் என்று தையற்கடையில் வரிசை நின்றது. கணவருக்குச் சாப்பிட நேரமில்லை. "உன் ரெண்டு விலாவால ஊரே பத்திரமாயிடுச்சு," என்று மனைவியிடம் பெருமைப்பட்டார்.

ஊரிலேயே காற்றில்லாத காற்றுச் சட்டை ஒன்றுதான் இருந்தது. அது குதிரைமேல் இருந்தது.

ஒரு காலை, பூங்காவின் குளக்கரைப் பாதையில் அக்கா வந்துகொண்டிருந்தார். பாதையோர பெஞ்சில் ஒரு வங்கி மேலாளர் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, கயிற்றைப் பெஞ்சின் கையில் நாகரிகமாக மாட்டியிருந்தார். குதிரையைப் படமெடுக்கக் கைபேசியோடு எழுந்தார். 'டப்.' செம்பட்டை முன்னங்காலைத் தூக்கியது. அக்காவுக்குச் சேணமும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. போச்சு, இந்தத் தடவை எல்லா விலாவும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விழுந்த இடம் மெத்தென்று இருந்தது. ஒருமுறை மேலே போய்த் திரும்பி வந்தார். கண்ணைத் திறந்தால், அடியில் வங்கி மேலாளர்.

"ஐயோ, அடிபட்டுடுச்சா சார்?"

"இல்ல," என்றார் அவர் மல்லாந்தபடியே. "படம் விழுந்துதான்னு கொஞ்சம் பாருங்க."

இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பிரிவு அலுவலர் விசாரணைக்கு அழைத்தார். அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். உருளை இல்லை, பை காலி, அன்றும் காலி, இன்றும் காலி.

"அதை விடுங்க. மேலங்கியால நீங்க தப்பிச்சீங்களா இல்லையா?"

"தப்பிச்சேன் சார். ஆனா அது என் மேலங்கி இல்ல."

"யாருதுன்னு படிவத்துல கேக்கல."

அறிக்கை மேலே போனது. இந்தத் தடவை இரண்டு மாதம் ஆகவில்லை, இரண்டே நாள். திட்டம் முழு வெற்றி என்று அறிவித்த இயக்குநர், அதன் பயனை விரிவுபடுத்தி ஆணை வெளியிட்டார். குதிரைக் காவலர்கள் இனி மேலங்கி அணியத் தேவையில்லை. பூங்காவுக்கு வரும் பொதுமக்கள் அனைவரும் காற்று நிரம்பிய நிலையில் மேலங்கி அணிந்து, குதிரை செல்லும் பாதையின் இருபுறமும் நடக்க வேண்டும். நிறம் நீலம்.

இதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள் என்று அக்கா நினைத்தார். அவர் நினைத்தது சரிதான். ஊர் கொதித்தது. வாசலில் கூட்டம் கூடியது. நாலாயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒரே வாரத்தில் தயாரானது. அக்காவின் கணவர்தான் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு வந்தார். அக்கா குதிரைமேல் உட்கார்ந்தபடியே பிரித்துப் படித்தார். நீலம் ஒன்றை மட்டும் திணிப்பது தனிமனித உரிமைக்கு விரோதம், குறைந்தது ஆறு நிறங்களாவது வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியிருந்தது.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். உப்பிய சட்டைகள் வரிசையாக நடந்துகொண்டிருந்தன. தூரத்தில் யாரோ குடையை விரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு முதல்தடவையாக அவருக்கு உடம்பு நடுங்கவில்லை.

"பேனா இருக்குதாங்க?" என்று கணவரிடம் கேட்டு வாங்கி, தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். அடியில் ஒரு வரியும் சேர்த்தார்: மஞ்சள் நிறமும் இருந்தால் நல்லது, மேலேயிருந்து பார்க்கும்போது சட்டென்று தெரியும்.