பதினாறு புள்ளி உயரத்தில் ஒரு மாமனார்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓட மாட்டேன் என்கிறது. என் முழங்கால் நலம். அதை அறுத்துத் தைத்த டாக்டர் நலம். என் மகள் நலம். தங்கள் மகன் மிக மிக நலம். அவர் இவ்வளவு நலமாக இருப்பதால்தான் நான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தால், தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படிக்கவும்.

மாப்பிள்ளையைப் பற்றி அவரைப் பெற்றவரிடமே குறை சொல்வது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேராகச் சொல்வது அதைவிட மரியாதைக் குறைவு. மகளிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள். ஆக, தங்களைத் தவிர எனக்கு நாதி இல்லை.

ஆபரேஷன் முடிந்து நான் இங்கு வந்தபோது பின்பக்க அறையில் பாதி எனக்கு, பாதி மாப்பிள்ளையின் மேசைக்கு என்று ஏற்பாடு. ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்த மேசையில் போய் உட்கார்ந்துவிடுவார். வந்த வாரமே மேசைக்கு அடியில் ஒரு பாட்டிலைப் பார்த்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தால் குப்பென்று சாராய நெடி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளைக் கூப்பிட்டு, "அம்மா, மனசைத் திடப்படுத்திக்கோ" என்று ஆரம்பித்தேன். அவள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "அது கேசட்டோட பல்லைத் துடைக்கிறதுப்பா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கேசட்டுக்குப் பல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டியில் சொருகுவோமே, அந்தக் கேசட்தான். அதன் அடிப்பக்கம் சீப்பு மாதிரி தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். நாமும் உதவி செய்வோமே என்று ஒன்றை எடுத்து வாயருகே வைத்து ஊதினேன், சம்பந்தி. "மாமா! ஊதாதீங்க! எச்சில் பட்டா கறுத்துடும்!" என்று ஒரு அலறல். கல்யாணமான நாள் முதல் என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக உயர்த்தினார்.

அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனிக்காரனே அதை எப்போதோ மறந்துவிட்டான். ஆனால் அதற்கென்று இன்றைக்கும் புதிதாக ஆட்டம் எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். அதில் தங்கள் மகனும் ஒருவர். ஆட்டத்தை அவரே எழுதுகிறார், சிப்பில் ஏற்றுகிறார், அதை போர்டில் வைத்து ஈயத்தால் பற்றவைக்கிறார் (என் தலையணை உறையெல்லாம் அந்தப் புகை வாசனை), பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து ஸ்க்ரூ முடுக்கி லேபிள் ஒட்டுகிறார். "புது கேம் பண்ணணும்னா புது மிஷின்லயே பண்ணலாமே மாப்பிள்ளை?" என்று கேட்டேன். "அதுல என்ன மாமா இருக்கு? இடம் கொட்டிக் கிடக்கு. யார் வேணா பண்ணலாம்" என்றார். வீட்டில் அலமாரிக்கு இடமில்லை என்று தினமும் புலம்புகிற மனிதர் சொன்ன வார்த்தை இது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்துவிட்டது என்று டிவியில் மாட்டினார். "நீங்கதான் மாமா முதல்ல பார்க்கணும்" என்றார். நானும் பெருமையாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். திரையில் ஆட்டத்தின் பெயர் வந்தது: 'யார் லைட்டைப் போட்டது?' அது நான் தினமும் கேட்கிற கேள்வி. பிறகு ஒரு வீடு வந்தது. விளையாடுகிறவர் அறை அறையாக ஓடி விளக்கைப் போட வேண்டும். அப்போது இடது பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார். வழுக்கைத் தலை, கண்ணாடி, பனியன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடை. அறைக்குள் நுழைகிறார். டுக். விளக்கு அணைகிறது. அடுத்த அறை. டுக். அவர் வரும்போதெல்லாம் ஒரு உறுமல் சத்தம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தி, ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் என் கை சும்மா இருக்காது, உண்மைதான். அதை நான் இந்த வீட்டுக்குச் செய்கிற சேவை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அந்த உருவத்தைத் தடுக்க ஒரே வழி, அதன் முன்னால் செய்தித்தாளைப் போடுவதாம். போட்டால் நின்று கடைசிப் பக்கம் வரை படிக்குமாம். நானும் அப்படித்தான் படிப்பேன். அதுவும் குற்றமா? போதாக்குறைக்குத் தொப்பை வேறு. எனக்குத் தொப்பை கிடையாது என்பது தாங்கள் நேரில் பார்த்தது. "தொப்பை கொஞ்சம் அதிகமா இருக்கோ மாப்பிள்ளை?" என்று பட்டும் படாமல் கேட்டேன். "நிஜத்துல இதைவிட அதிகம் மாமா" என்றார் சிரித்துக்கொண்டே. இதைவிட அதிகமாம்! அன்றிலிருந்து நான் பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறேன்.

இது வீட்டுக்குள் இருந்தாலாவது பரவாயில்லை. முன்கூட்டியே விளையாடிப் பார்க்க எங்கெங்கோ இருக்கிற நாலைந்து பேருக்கு இன்டர்நெட்டிலேயே அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவன் கடல் கடந்து எழுதிக் கேட்கிறான்: 'அந்தக் கிழவரை எப்படிக் கொல்வது?' மாப்பிள்ளை என் கண்ணெதிரே பதில் அடிக்கிறார்: 'அவரைக் கொல்ல முடியாது. தாமதப்படுத்தத்தான் முடியும்.' நான் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதப்போவதைத் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது கட்டத்தில் இன்னொரு பெரியவர் வருகிறார். அவருக்கும் வழுக்கை, அவருக்கும் கண்ணாடி. ஆனால் சட்டை போட்டிருக்கிறார், கையில் ஒரு பை. அவர் வந்தால் உறுமல் இல்லை, ஒரு இனிமையான மெட்டு. பையிலிருந்து பல்பை எடுத்து மாடிப்படியில் மாட்டுகிறார். அந்த விளக்கை மட்டும் பனியன்காரரால் அணைக்க முடியாது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுகிறார். அது தாங்கள்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெற்ற தகப்பனுக்கு மெட்டு, பெண்ணைக் கொடுத்தவனுக்கு உறுமல்! அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "இவர் வந்தாலே எனக்கு என்னமோ பண்ணுதுப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். வளர்த்தவன் நான் குத்துக்கல் மாதிரி பக்கத்தில் இருக்கிறேன், சம்பந்தி. வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்.

நாளைக்கு நான் ஊர் திரும்பிய பிறகும், இந்த வீட்டில் டிவியைப் போட்டால் நான் விளக்கணைக்கிறவனாகத்தானே வருவேன்? பேரப்பிள்ளைகள் பிறந்தால் என்னை இப்படித்தானே பார்க்கும்? இந்த நினைப்பு என்னைத் தின்றுவிட்டது. மறுநாள் மாப்பிள்ளையிடம் சுற்றி வளைத்துப் பேசினேன்.

"அந்த லைட்டை அணைக்கிறவர் ஏன் அணைக்கிறார்னு ஒரு காரணம் இருக்கணும் இல்லையா?"

"காரணம் எதுக்கு மாமா? அவர் அப்படித்தான்."

"சும்மா அப்படித்தான்னு எந்த மனுஷனும் இருக்க மாட்டான் மாப்பிள்ளை."

"இருக்கட்டும் மாமா, ஆனா காரணத்துக்கு இடமில்லை. மொத்தமே முப்பத்திரண்டு கிலோபைட். அதுல பதினெட்டு பைட்தான் மிச்சம்."

தினமும் காலையில் நான் தங்களுக்கு ஒரு ரோஜாப்பூ வணக்கம் அனுப்புகிறேனே, அந்தப் படம் இந்த முழு ஆட்டத்தைவிடப் பெரியதாம். ஒரு வீடு, ஆறு அறை, இரண்டு பெரியவர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு ரோஜாப்பூவில் பாதிகூட இல்லை.

ஆனாலும் நான் விடவில்லை. "கடைசிக் கட்டத்துல அவர் எல்லா லைட்டையும் அணைச்சுட்டு வரட்டும். வாசல் லைட்டுக்கிட்ட வந்ததும் நின்னுடணும். கையைத் தூக்கக் கூடாது. வெளியே போன பொண்ணு இன்னும் வீட்டுக்கு வரலை, அதனால" என்றேன். என் மகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பஸ் கிடைக்காமல் நேரமாகிவிடும். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நான் வாசல் விளக்கை மட்டும் எரியவிட்டுக் காத்திருப்பேன்; அவள் தெருமுனையில் தெரிந்ததும் போய்ப் படுத்துக்கொள்வேன். ஒரு நாள்கூட அதை அணைத்ததில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். "இது எனக்குத் தோணவே இல்லை மாமா" என்றார். பிறகு, "ஆனா யாரையாவது எடுத்தாத்தான் இடம் வரும்" என்றார்.

அவருடைய தகப்பனாரை எடுத்துவிடு என்று அவரிடமே எப்படிச் சொல்வது? "அந்த இன்னொரு பெரியவரை எடுத்துட்டா?" என்றேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"பையோட வர்றாரே, அவரையா?"

"ஆமா."

"மாமா, நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"பெரியவங்க இதுக்கெல்லாம் வருத்தப்பட மாட்டாங்க மாப்பிள்ளை. நான் எழுதிச் சொல்லிடறேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மனசு யாருக்கும் வராது மாமா" என்றார். பெற்ற தகப்பனைத் தூக்கச் சொன்னதற்கு ஒரு மகன் இப்படி நன்றி சொல்லி நான் எங்கும் பார்த்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆனாலும் காரியம் நடந்துவிட்டது. தங்கள் உருவம், தங்கள் மெட்டு, தங்கள் பை, பல்பு, கும்பிடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். கிடைத்த இடத்தில் வாசல் விளக்கும், பனியன்காரர் தலைக்கு மேல் ஒரு வாக்கியமும். ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாகப் படம் வரைய வேண்டுமாம், அதனால் நீளமாக எழுத முடியாது என்றார். வேலையில் இருந்தவரை தந்தி கவுண்டரில் பிறர் வாக்கியத்தை வெட்டியே சம்பளம் வாங்கியவன் நான். என் மகள் இன்னும் வரவில்லை, வாசல் விளக்கு எரியட்டும் என்று இருந்ததை வெட்டி வெட்டி, 'மகள் வரட்டும்' என்று நிறுத்தினேன். எட்டே எழுத்து. கேசட்டுகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, தாங்கள் இந்த ஆட்டத்தில் இப்போது இல்லை என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தொப்பையைக் குறைக்கும்படி மட்டும் தாங்கள் ஒரு வார்த்தை தங்கள் மகனிடம் சொன்னால் போதும். பார்க்கச் சகிக்கவில்லை. சம்பந்தியம்மாவை என் மனைவி போனில் மிகவும் விசாரித்தாள். தங்கள் இருவருடைய உடம்பும் மனமும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மரியாதை மாறாத,
தங்கள் மருமகளின் அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் மகள் அறைக்குள் வந்தாள். முகம் வாடியிருந்தது. "அப்பா, உங்களை எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"என்னை எங்கேம்மா எடுத்தாங்க? நான்தான் பனியனோட அலையறேனே."

"ஐயோ அப்பா, அது மாமா! இவரோட அப்பா! அவங்க வீட்டுல அவர் இப்படித்தான் அணைச்சுக்கிட்டே வருவாராம். அந்தத் தொப்பையைப் பார்த்துமா தெரியலை? பையோட வர்றவர்தான் நீங்க. நாங்க இங்க குடி வந்தப்ப, மாடிப்படி இருட்டா இருக்குன்னு பல்பு வாங்கிட்டு வந்து மாட்டினது யாரு?"

நான்தான் மாட்டினேன். அது அடியோடு மறந்துபோயிருந்தது. சம்பந்தி, எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. திரையில் பதினாறு புள்ளி உயரத்தில், மூன்றே நிறத்தில் வரைந்தால் தாங்களும் நானும் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்த மெட்டு எனக்கு. அந்தக் கண்ணீர் எனக்கு. என்னை நானே எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை என்ன நினைத்தாராம் தெரியுமா? தன் அப்பாவுக்கு ஒரு நல்ல பெயர் வர வேண்டும் என்பதற்காக மாமா தன்னையே விலக்கிக்கொண்டார் என்று! மகளே இல்லாத தாங்கள் வாசல் விளக்கடியில் எந்த மகளுக்குக் காத்திருப்பீர்கள் என்று அவரிடமே கேட்டேன். "அப்பா இவளை மகள்னுதானே மாமா சொல்லுவார்" என்கிறார்.

தொப்பை பற்றி மேலே எழுதியது அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். தங்கள் மகன் ஒரு மேதை. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அனுப்புங்கப்பா, மாமா விழுந்து விழுந்து சிரிப்பார்" என்று மகள் பிடுங்கிக்கொண்டாள்.

கேசட் எதுவும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. பழையபடி மாற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். ஆனால் நான் திரும்பி வந்தால் அந்த வாக்கியம் போய்விடும். இரண்டுக்கும் இடமில்லை. காலையிலிருந்து யோசித்தேன். நான் பல்பு மாட்டியது மகளுக்கு முன்பே தெரியும். நான் வாசலில் காத்திருந்தது இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரியும். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகையால் என் காரணம் இனி தங்களுடையது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் அங்கு வருகிற நாளில், எவ்வளவு நேரமானாலும், வாசல் விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள். மற்ற விளக்குகளைத் தாராளமாக அணையுங்கள். அதில் எனக்கும் முழுச் சம்மதம்.