மன்னிப்பு: இரண்டாவது டேக்

எங்கள் சபையில் எதையும் சும்மா செய்துவிட முடியாது. நாற்காலி வாங்க ஒரு குழு உண்டு. வாங்கிய நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று முடிவு செய்ய இன்னொரு குழு உண்டு. ஆகவே, 'மன்னிப்பு' என்ற பொருளில் மூன்று நிமிட வீடியோ ஒன்றை எல்லாச் சபைகளும் போட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகம் சுற்றறிக்கை விட்டபோது, எங்கள் ஊடக ஊழியம் கேமராவைத் தொடவில்லை. முதல் வேலையாக 'ஏவுதல் தேடும் உபகுழு' ஒன்றை அமைத்தது. அடியேனும் அதில் ஓர் உறுப்பினன்.

உபகுழுத் தலைவர் சபைச் செயலாளர். தணிக்கை அலுவலகத்தில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார், அவருக்குள் இருந்த தணிக்கை ஓய்வு பெறவில்லை. ஏவுதல் என்பது மேலிருந்து வரும் தூண்டுதல், அது எப்போது வேண்டுமானாலும் வரும் என்று போதகர் ஒருமுறை சாந்தமாகச் சொன்னார்.

"வரட்டும் பாஸ்டர், நான் வேண்டாங்கல" என்றார் செயலாளர். "கூட்டம் நடக்கிற நேரத்துல வந்தா குறிப்புல ஏத்த வசதியா இருக்கும்."

ஏவுதலைத் தேடுவது எப்படி? மற்ற சபைகள் எடுத்த வீடியோக்களைப் பார்ப்பதுதான் இன்று நடைமுறையில் உள்ள வழி. போதகரின் அறையில் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் முதலில் சூரியன் உதித்தது. பிறகு ட்ரோன் ஒன்று ஆலயத்தின் ஓட்டுக்கூரையையும் தண்ணீர்த் தொட்டியையும் மேலிருந்து காட்டியது. பிறகு புகைக்கு நடுவே கைகள் மெதுவாக உயர்ந்தன. கடைசியில் முழங்காலில் கிழித்துவிட்ட ஜீன்ஸ் போட்ட ஒரு வாலிபன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீளமான சாலையில் நடந்து போனான். அவன் எங்கே போகிறான் என்று போதகர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆசீர்வாதத்தை நோக்கிப் போவதாக வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளர் தீர்ப்பளித்தார்.

பிறரைக் காப்பியடிப்பது நம் சபையின் கௌரவத்துக்கு அழகல்ல என்பதில் உபகுழு உறுதியாக இருந்தது. ஆகவே நம் வீடியோவில் வாலிபன் போகக் கூடாது, வர வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

சுற்றறிக்கையில் ஒரு முள் இருந்தது. நடிப்பு கூடாதாம். சண்டை போட்டு உண்மையாகவே ஒருவரை ஒருவர் மன்னித்த இருவர் தோன்ற வேண்டுமாம். ஆராதனை முடிந்ததும் இதை மைக்கில் அறிவித்தோம். மன்னித்தவர்கள் யாரும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கப்பட வேண்டியவர்கள்தான் வரிசையாக வந்தார்கள். யார் யார் தங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேரும் விலாசமும் சொல்லிவிட்டுப் போனார்கள். வரிசையிலேயே இரண்டு பேருக்கு யார் முன்னால் நிற்பது என்று தகராறு வந்து, அவர்களும் தகுதி பெற்றார்கள்.

அப்போதுதான் செயலாளருக்குப் பொறி தட்டியது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். எங்கள் ஊடக ஊழியத்தில் வேலை செய்வது இரண்டே பேர். கேமரா பிடிக்கிறவர் ஓர் எலக்ட்ரீஷியன். எடுத்ததை வெட்டி ஒட்டுகிறவர் ஒரு பல் டாக்டர். பிடுங்குவதில் கை தேர்ந்தவர் என்பதால் அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தோம். எலக்ட்ரீஷியனின் தங்கையைத்தான் டாக்டர் கட்டியிருக்கிறார். மச்சானும் மாப்பிள்ளையும் பேசி நாலு வருஷம் ஆகிறது.

சண்டைக்குக் காரணம் ஒரு புறா. சபையின் ஆண்டு விழா வீடியோவுக்காக எலக்ட்ரீஷியன் எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் வெயிலில் குப்புறப் படுத்து, சிலுவையின் மேல் ஒரு புறா வந்து உட்காரும்வரை காத்திருந்து படம் பிடித்தார். டாக்டர் அதை வெட்டி எறிந்துவிட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு சூரிய உதயத்தை அந்த இடத்தில் போட்டார். சமாதானத்தின் அடையாளத்தை வெட்டியவனோடு இனி எனக்குப் பேச்சில்லை என்று எலக்ட்ரீஷியன் சொன்னவர்தான், சொன்ன சொல் மாறவில்லை.

பேசாமல் எப்படி வேலை நடந்தது என்று கேட்பீர்கள். அருமையாக நடந்தது. எலக்ட்ரீஷியன் கேமராவை ஓடவிட்டு, லென்ஸுக்கு முன்னால் வந்து நின்று, "எடுத்ததை எடுத்தபடி வைக்கணும்னு அங்க உக்காந்திருக்கிறவர்கிட்ட சொல்லுங்க" என்று கேமராவிடம் சொல்லிவிட்டுத்தான் படம் எடுப்பார். அதைப் பார்த்த டாக்டர், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் பெரிய திரையில், 'படம் ஆடுவதற்குக் கேமரா பொறுப்பல்ல' என்று அடியில் எழுத்து ஓடவிட்டுப் பதில் சொல்வார். ஒருமுறை பாட்டு வரிகளோடு சேர்த்து அதையும் நாங்கள் பக்தியோடு பாடிவிட்டோம்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கை. ஞாயிறு மதியம் அண்ணனுக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுபோவாள். தனியாகச் சாப்பிடாதே என்று அவர் வற்புறுத்த, அங்கே கொஞ்சம் சாப்பிடுவாள். வீட்டுக்கு வந்தால் நீ வராமல் எனக்கு இறங்கவில்லை என்று கணவர் காத்திருப்பார், அங்கேயும் சாப்பிடுவாள். நாலு வருஷத்தில் அவளுக்குப் பழைய துணி ஒன்றும் பற்றவில்லை. இரண்டு பேரும் தன் வீட்டு மேஜையில் ஒரே ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டால் போதும் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்கும் கேட்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆகவே, எலக்ட்ரீஷியனும் டாக்டரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டில் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொள்வது என உபகுழு ஒருமனதாகத் தீர்மானித்தது. சம்பந்தப்பட்ட இருவரும் வாக்களிக்கவில்லை. ஆனாலும் தங்கையின் முகத்துக்காக இருவரும் சம்மதித்தார்கள்.

படம் பிடிக்கிறவரே படத்தில் நடிக்க, மன்னிக்கவும், தோன்ற வேண்டியிருந்ததால், கேமராவைச் செயலாளர் ஏற்றுக்கொண்டார். ஊரார் கணக்கையெல்லாம் பார்த்த எனக்கு ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாதா என்றார். புகை மெஷினும் வந்தது. சாப்பாட்டு மேஜையிலிருந்து புகை கிளம்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினோம். மேஜையில் சாப்பாடு மணக்க மணக்க இருந்தது. தங்கை விடியற்காலையே எழுந்து சமைத்திருந்தாள்.

பேச வேண்டியதைச் செயலாளரே எழுதிக் கொடுத்திருந்தார். எலக்ட்ரீஷியன் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்தார்: "அன்பிற்குரிய மைத்துனரே, தங்கள்பால் யான் கொண்டிருந்த மனத்தாங்கலை முன்தேதியிட்டு இதன்மூலம் விலக்கிக்கொள்கிறேன்."

வாசித்தவர் நிறுத்தினார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தோம். அவர் சிரித்துவிட்டார். டாக்டர் கீழே குனிந்துகொண்டார், அவர் தோளும் குலுங்கியது. நாலு வருஷச் சிரிப்பும் சேர்ந்து வந்ததுபோல இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"மச்சான், அந்தப் புறாவ நான் வெட்டியிருக்கக் கூடாது" என்றார் டாக்டர். "நல்ல படம் அது. பொறாமையிலதான் வெட்டினேன்."

"விடுங்க மாப்பிள்ளை. நானும் ஒரு பறவைக்காக இவ்வளவு நாள் முறைச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாது."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் தேம்பித் தேம்பி அழுதார். தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓடி வந்து தட்டைப் போட்டாள். இருவரும் உட்கார்ந்து, சாப்பாட்டில் கை வைக்கப் போனார்கள்.

"கை வைக்காதீங்க" என்றார் செயலாளர்.

பொத்தானை அவர் அமுக்கத்தான் செய்தார். ஒருமுறைக்கு இருமுறை அமுக்கினால் நிச்சயமாக இருக்கும் என்று மறுபடியும் அமுக்கியிருந்தார். முதல் அமுக்கலில் ஓடிய கேமரா, இரண்டாவதில் நின்றுவிட்டது. ஒன்றும் பதிவாகவில்லை.

தங்கை பதறிப்போனாள். "பதிவாகலன்னா என்ன ஐயா? நான்தான் கண்ணால பாத்தேனே. அவங்க சாப்பிடட்டும்."

"நீங்க நெருங்கின உறவு அம்மா. உங்க சாட்சி செல்லாது" என்றார் செயலாளர். "ரசீது இல்லாத செலவு செலவே இல்ல. ஆதாரம் இல்லாத மன்னிப்பும் அப்படித்தான். ரெண்டாவது டேக் போயிடுவோம். தட்டு அப்படியே இருக்கட்டும், இல்லன்னா கன்டினியூட்டி போயிடும்."

அந்தச் சொல்லை அவர் அந்த வாரம்தான் கற்றிருந்தார்.

மன்னிக்க வேண்டுமானால் முதலில் கோபம் வேண்டும். இருவருக்கும் கோபமே வரவில்லை. சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். உபகுழு உதவிக்கு வந்தது. வெயிலையும் மொட்டை மாடியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கும்படி எலக்ட்ரீஷியனை நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர் நினைத்துப் பார்த்தார். பசியும் சேர்ந்துகொண்டது. முகம் நன்றாகவே கறுத்தது. செயலாளர் கைதட்டினார்.

இருவரும் கை குலுக்குவதையும் கட்டிப்பிடிப்பதையும் எலக்ட்ரீஷியன் மறுபடி அழுவதையும் மூன்று கோணத்தில் எடுத்தோம். ஒன்றில் டாக்டரின் தலை மறைத்தது. ஒன்றில் புகை அதிகமாகி இருவரையுமே காணவில்லை. இன்னொன்றில் கை குலுக்கல் மட்டும் சரியாக விழுந்தது. சாப்பாடு ஆறிப் போயிற்று. தங்கை சூடு பண்ணட்டுமா என்றாள். ஆவி பறந்தால் முந்தைய ஷாட்டோடு சேராது என்று மறுத்துவிட்டோம்.

எடுத்ததைக் கேமராவின் சிறிய திரையில் டாக்டர் ஓட்டிப் பார்த்தார். பழக்க தோஷம் யாரை விட்டது?

"மச்சான், நீங்க அழுற இடம் கொஞ்சம் நீளமா இருக்கு. பாதியில வெட்டிடலாம்."

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார். "எதை வெட்டுவீங்க?"

"ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது மச்சான். அந்த இடத்துல ஒரு சூரிய உதயம் போட்டா…"

"அன்னைக்குப் புறா. இன்னைக்கு என் கண்ணீரா?"

செயலாளர் கேமராவைத் தம் பக்கம் இழுத்து, இந்த முறை பொத்தானை ஒரே தடவைதான் அமுக்கினார். அதற்குப் பிறகு நடந்த சண்டை துல்லியமாகப் பதிவாயிற்று. ஒலி சுத்தம், வெளிச்சம் அளவு, இருவர் முகமும் தெளிவு. செயலாளர் அன்று எடுத்ததிலேயே சிறந்த ஷாட் அதுதான். எலக்ட்ரீஷியன் சாப்பிடாமலே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கை நிரம்பிய தட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்களைத் திட்டியிருந்தால் தேவலை.

கெடு நெருங்கியது. இருக்கிறதை வைத்து முடிக்க உபகுழு முடிவு செய்தது. முதலில் சண்டை. பிறகு, முன்னால் எடுத்த அந்தக் கை குலுக்கல், இழுக்க முடிந்த மட்டும் மெதுவாக. பின்னால் பியானோ. நடுவில் நம் வாலிபன் நம்மை நோக்கி வந்துகொண்டே இருந்தான். சண்டையின் இயல்பான வெளிப்பாட்டைத் தனியாகப் பாராட்டி, தலைமை அலுவலகம் எங்களுக்கு முதல் பரிசு கொடுத்தது.

இப்போது எலக்ட்ரீஷியனும் டாக்டரும் சபை சபையாகப் போய் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். தலைமை அலுவலகத்தின் உத்தரவு, தட்ட முடியாது. தனித்தனி வண்டியில் போகிறார்கள். தங்கை போகும்போது ஒன்றிலும் வரும்போது ஒன்றிலும் ஏறிக்கொள்கிறாள். கூட்டம் முடிந்ததும் அந்தந்தச் சபையார் சிறப்பு விருந்தினர் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். பார்க்கிறவர்கள் முன்னால் முறைத்துக்கொள்ள முடியாமல் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். போன வாரம் டாக்டர் தண்ணீர்ச் சொம்பை மச்சான் பக்கம் நகர்த்தி வைத்தாராம். யார் வீட்டுச் சமையலானால் என்ன என்று தங்கை இப்போதெல்லாம் சிரித்த முகமாக இருக்கிறாள். இன்னும் எத்தனை சபை பாக்கி என்று செயலாளரிடம் அடிக்கடி விசாரிக்கிறாள்.

வீடியோ எங்கள் எல்லார் கைப்பேசியிலும் ஓடுகிறது. பார்த்து அழாதவர் இல்லை. அழுது முடித்த கையோடு, ஒவ்வொருவரும் தாம் பேச்சுவார்த்தையை நிறுத்தி வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு அதை அனுப்பினார்கள். நானும் என் சித்தப்பா மகனுக்கு அனுப்பலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். 'இதைப் பார்த்தாவது திருந்து' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து அதே வீடியோ வந்து விழுந்தது. 'இதைப் பார்த்தாவது திருந்துங்கண்ணே' என்று கீழே எழுதியிருந்தான்.

என்னை முந்திக்கொண்டு அனுப்பிவிட்டான். மற்றதையெல்லாம் மறந்தாலும், இதற்காக அவனை நான் மன்னிக்கப் போவதில்லை.