கலத்துக்கு ஒப்புதல் கிடைத்த வரலாறு

உயிரணு எனப்படும் கலம் ஒன்று புரதம் செய்வதற்கு எவரிடமும் அனுமதி பெறுவதில்லை. இந்தப் பாரதூரமான குறைபாடு எழுபதுகளின் தொடக்கத்தில்தான் முதன்முதலாக ஓர் அரசாங்கக் கந்தோரின் கவனத்துக்கு வந்தது. அதற்குக் காரணமானவர், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

அந்த நாளில் கொழும்பில் பொருட்காட்சி ஒரு மோஸ்தர். பெல்பொட்டம் போடாத இளைஞனையும் பொருட்காட்சி வைக்காத திணைக்களத்தையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில் விஞ்ஞானப் பொருட்காட்சி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் ரீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய பிள்ளைகள் எல்லாப் பாடத்திலும் தப்பி, புரதத் தொகுப்பு என்ற ஒரு பாடத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தார்கள். கரும்பலகையில் எவ்வளவு கீறியும் விளங்கவில்லை. கையால் செய்து காட்டினால் விளங்கும் என்று அவர் நம்பினார்.

அவரோடு படிப்பித்த பைறோஸா மிஸ், கொம்பனித்தெருவில் வளையலும் பாசியும் விற்கும் தன் மாமாவின் பென்சிக் கடையிலிருந்து நிறநிறமான மணிகள் கொண்டுவந்தார். ஒரு பலகைப் பெட்டி கலத்தின் கருவானது. அதற்குள் நீளமான சீலைச் சுருளில் எழுத்தெழுத்தாகக் கட்டளைகள். அதுதான் டி.என்.ஏ. அது பெட்டியை விட்டு வெளியே வராது. ஒரு மாணவி தேவையான பகுதியை மட்டும் ரிபனில் படியெடுத்து ஓட்டையால் வெளியே நீட்டுவாள். வெளியே ஒரு பெரிய தேங்காய்ச் சிரட்டையும் ஒரு சின்னச் சிரட்டையும் ரிபனைக் கவ்விப் பிடித்திருக்கும். அவை இரண்டும் சேர்ந்தது, ரைபோசோம் என்றும் சொல்லப்படும் இறைபோசோம். மூன்று மூன்று எழுத்தாக ரிபன் உள்ளே போகப் போக, அந்தந்த மூன்றெழுத்துக்குரிய மாணவி தன் மணியைக் கொண்டுவந்து கம்பியில் கோப்பாள். மணிகள் அமினோ அமிலங்கள். 'நிறுத்து' என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்ததும் கம்பி கழன்று சுருண்டு விழும். புரதம் தயார்.

முதல் ஒத்திகை முடிந்ததும் சிவமணி என்ற மாணவி, "இவ்வளவுதானா மிஸ்? இதுக்கா நான் அழுதனான்?" என்று கேட்டாள். கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் ஒருதரம் செய்யச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் பொருட்காட்சி ஒப்புதல் அதிகாரி திரு. ஹியூபேட் வந்தார். அவர் தன் சேவைக் காலத்தில் எதையும் நிராகரித்தவர் அல்லர். எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு வரச் சொன்னவர்.

"மூலப்பிரதி உள்ளுக்கை இருக்குது. மிக நன்று," என்றார் பெட்டியைப் பார்த்து. "படி மட்டும் வெளியிலை போகுது. அதுவும் நன்று. படியை உறுதிப்படுத்தினது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை சேர். கலத்திலை அப்பிடி ஒரு ஆளில்லை."

"அப்ப இது உண்மைப் பிரதி எண்டு என்னெண்டு தெரியும்?"

"எழுத்துக்கு எழுத்து சோடி சேர்ந்துதான் படி உண்டாகுது சேர்."

"அது நம்பிக்கை, மிஸ். நான் கேட்டது கையொப்பம்."

பிறகு சிரட்டைகளுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். "ஏன் மூண்டு எழுத்து?"

"ஒரு அமினோ அமிலத்துக்கு மூண்டெழுத்து சேர்."

ஹியூபேட்டின் முகம் மலர்ந்தது. "மூண்டு விலைமனு! சரியான நடைமுறை."

"விலைமனு இல்லை சேர்..."

"நல்லாயிருக்கிறதை விளக்கிப் பழுதாக்காதேங்கோ, மிஸ்."

'நிறுத்து' வந்த இடத்தில் அவருடைய மலர்ச்சி வாடியது. "இதைச் சொன்னது ஆர்?"

"ரிபன்தான் சேர்."

"ரிபன் என்ன தரத்து உத்தியோகத்தர்? கீழை இருக்கிறவர் நிறுத்தச் சொல்லி வேலை நிண்டால் அதுக்குப் பேர் வேலைநிறுத்தம். சரி, வேலை முடிய ரிபனுக்கு என்ன நடக்கும்?"

"கலம் அதைச் சிதைச்சுப்போடும்."

ஹியூபேட் கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தார். "கோப்பை அழிக்கிறதோ? மிஸ், என்ர கந்தோரிலை வெள்ளைக்காரன் காலத்து எலிப்பொறிக் கோப்பு இருக்குது. எலி செத்துப்போச்சு. பொறி கறள் பிடிச்சுப்போச்சு. கோப்பு இருக்குது."

கொன்ஸ்ரன்ஸ் ரீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "சேர், உங்கட உடம்பிலையும் இப்ப இதுதான் நடக்குது. ஒருத்தரிட்டையும் கேளாமல்."

"என்ர உடம்பிலையோ?" ஹியூபேட் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கந்தோர் நேரத்திலையுமோ?"

"ஓம் சேர்."

"அதைப் பிறகு பாப்பம்," என்று அவர் கையைக் காற்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டார். கலத்தைத் திருத்தினால்தான் மண்டபத்துக்குள் இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் சிரட்டையைக் கையில் எடுத்தார். "நான் வரேல்லை பைறோஸா. பொய்யைப் பிள்ளையளுக்குக் காட்டமாட்டன்."

"வராட்டி புள்ளைகள் பட்ட பாடெல்லாம் வீண் மிஸ்," என்றார் பைறோஸா. "மொதல்ல உள்ள போவம். பொறகு உண்மையச் சொல்லிக் குடுக்கேலும் தானே."

ரீச்சர் இணங்கினார்.

திருத்தப்பட்ட கலத்தில் படியை உறுதிப்படுத்த ஒருவர், ஓட்டை வாசலில் பரிசோதகர் ஒருவர், நிறுத்தலைச் சிபாரிசு செய்ய ஒருவர், ரிபனைப் பாதுகாக்கப் பதிவறைக் காப்பாளர் ஒருவர் என்று புதிய பதவிகள் உண்டாயின. பிள்ளைகள் எல்லாரும் அதிகாரியாக வர அடிபிடிப்பட்டார்கள். மணி சுமக்க ஆள் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. உறுதிப்படுத்தும் அலுவலர் பதவி சிவமணிக்குக் கிடைத்தது. அவள் முதலில் மேசை கேட்டாள். பிறகு மின்விசிறி கேட்டாள்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். பாட்டுக் கேட்டு, விளக்கேற்றி, கலத்துக்கு முன்னால் வந்து நின்றார். சிரட்டைகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தன. ரிபன் வரவில்லை.

"படி எங்கை?" என்று ரீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பரிசீலனையிலை இருக்குது மிஸ்," என்றாள் பரிசோதகரான மாணவி.

"சிவமணி எங்கை?"

"அலுவலர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டா."

மந்திரி ஹியூபேட்டைப் பார்த்தார். "புரதம் எங்கே?"

"வரும் சேர்," என்றார் ஹியூபேட், கை கட்டியபடி.

பின்புறம் ரயில் ஒன்று மண்டபத்தை உலுக்கிக்கொண்டு போயிற்று. அசைந்தது அது மட்டும்தான். மந்திரி கனநேரம் நின்று பார்த்தார். அவருடைய கண்களில் ஒரு கனிவு வந்தது. "தத்ரூபம்," என்றார். முதற்பரிசு கலத்துக்கே கிடைத்தது.

பரிசு கிடைத்த காட்சிக்கு ஒரு பலகை வேண்டாமா? ஹியூபேட்டின் கந்தோர் அதே மாலை வாசலில் ஒன்றை நாட்டியது: 'அரசாங்க ஒப்புதலுடன் இங்கே புரதம் தயாரிக்கப்படுகிறது.'

அது தட்டுப்பாட்டால் பேக்கரிப் பாணுக்கும் சீனிக்கும் விடியமுன் வரிசையில் நின்ற காலம். மறுநாள் காலை கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் பஸ்ஸால் இறங்கியபோது, மண்டப வாசலிலிருந்து காலிக்குப் போகும் பெருவீதி வரைக்கும் சனம் பையோடு நின்றது.

"இங்கை ஒண்டும் குடுக்கிறேல்லை!" என்று ரீச்சர் கத்தினார். "இது பாடம். பிள்ளையள் படிக்கிறதுக்கு!"

"சீனிக்கும் இப்பிடித்தான் சொன்னவை," என்றார் ஒருவர். "பிறகு பின்கதவாலை குடுத்தவை."

"நீங்கள் வரிசைக்குள்ளை பூராதேங்கோ," என்றார் முன்னால் நின்ற பெண். அவர் ஹியூபேட்டின் மனைவி டோரின். இரண்டு கையிலும் பை வைத்திருந்தார். "என்ர மனிசன்தான் ஒப்புதல் குடுத்தவர். உள்ளுக்கை இல்லாததுக்கு அவர் ஒப்புதல் குடுப்பாரோ?"

ரீச்சர் பைறோஸாவைத் தேடினார். பைறோஸா மிஸ் வரிசையின் நடுவில், குடை பிடித்தபடி நின்றார்.

"மிஸ், வாங்கோ! ஒங்களுக்கும் எடம் புடிச்சி வச்சீக்கிறன்."

"உமக்கு விசரோ? உள்ளுக்கை இருக்கிறது உம்மட மாமான்ர கடை மணி எண்டு தெரியாதோ?"

"தெரியும் மிஸ்," என்றார் பைறோஸா. "ஆனா இவ்வளவு சனம் நிக்கிது தானே."

கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் வரிசையின் தலையைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வால் இன்னும் நீண்டது. குடைக்குள் வந்து மெல்லக் கேட்டார்:

"உம்மட்டை இன்னொரு பை இருக்குதோ?"