ஏழு வீடும் ஒரு கடலும்

என் மனைவியைத் தோற்கடிப்பது என்று நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தீர்மானம் எடுத்தேன். அது இத்தாலி விஷயத்தில். இன்று அவள் இல்லை. போய் மூன்று வருடமாகிறது. ஆகவே நானே சொல்லவேண்டியிருக்கிறது. அவள் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள். நான் குசினிக்குள் போய் ஒளிந்திருப்பேன்.

குணவதி இருபத்தாறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தவள். நான் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து நாரி நோ, அதாவது இடுப்புவலி, சம்பாதித்தவன். வீடு சிட்னியில், டூங்கபியில். ஒரே மகள் வினுஷா, கலியாணம் முடித்து மெல்பேர்னில் ரோவில் பக்கம் இருக்கிறாள்.

நாங்கள் வெளிநாடு போகாதவர்கள் அல்ல. கனடாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். லண்டனுக்கு ஒரு செத்தவீட்டுக்கு. நோர்வேக்கு ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு. எங்கே போனாலும், இறங்கிய அரை மணித்தியாலத்தில் குணவதி அந்த வீட்டுக் குசினியில் நின்று வெங்காயம் வெட்டுவாள். ரொறொன்ரோவில் அவள் பார்த்த காட்சி ஒரு சிங்க், அதற்கு மேலே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்.

2019 தை மாதம் ஒரு நாள் பல் வைத்தியரிடம் போய்வந்தவள் கைபேசியை என் முகத்துக்கு முன்னே நீட்டினாள். அங்கே கிடந்த சஞ்சிகையில் இருந்த ஒரு படத்தைப் படமெடுத்திருந்தாள். நீலக் கடல். கடலில் இருந்து நேரே எழும்பிய மலை. மலையில் ஒட்டிவைத்த மாதிரி வீடுகள்.

“எங்கை இது?”

“இத்தாலியாம். அமால்ஃபி எண்டு கிடக்கு.”

“வடிவாத்தான் இருக்கு.”

“போவம்.”

“ஆர்?”

“வேற ஆர்? நானும் நீங்களும். ஆனி மாசம். ஆறு நாள், ஒரே இடம். நான் அகப்பை தொடமாட்டன். ஒருத்தற்ற குசினிக்கையும் போகமாட்டன். கடலைப் பாத்துக்கொண்டு இருக்கப் போறன்.”

“இருந்து?”

“இருந்து என்ன, இருக்கிறதுதான்.”

அவள் என்னிடம் எதையும் இப்படி நேராகக் கேட்டவள் அல்ல. ஓம் என்றேன். வினுஷாவுக்குச் சொன்னாள். தாயும் மகளும் போனில் மணிக்கணக்காகத் திட்டம் போட்டார்கள். எனக்கு இதில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாசி மாதம், அந்த இடம் எப்படி என்று பார்ப்போம் என்று கணினியைத் திறந்தேன். ஒரு காணொளி வந்தது. ஒரு பஸ் போகிறது. அதன் ஒரு பக்கம் மலை. மறு பக்கம் ஒன்றுமில்லை. வளைவில் எதிரே இன்னொரு பஸ் வர, இது பின்னுக்கு நகர்கிறது, அந்த ஒன்றுமில்லாத பக்கமாக. நான் இருந்த கதிரையை இறுக்கிப் பிடித்தேன். கதிரைக்குக் கீழே டூங்கபி இருந்தது. இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

எனக்கு உயரம் என்றால் பயம். இதைக் குணவதிக்கு நான் சொன்னதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பெண் பார்க்கப் போன அன்று, பேச ஒன்றும் இல்லாமல், சீகிரியாக் குன்றின் உச்சிக்கு ஏறி இறங்கினவன் நான் என்று சொல்லிவிட்டேன். ஏறியவர்கள் என் நண்பர்கள். நான் அடிவாரத்துச் சோடாக் கடையில் அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்தேன். சின்னப் பொய்தான். அதற்கு முப்பத்துநாலு வருடம் தீனி போட்டேன். புளூ மவுண்டன்சுக்கு விருந்தினரைக் கூட்டிப் போகும் ஒவ்வொரு முறையும், கார் நிறுத்தும் இடத்திலேயே எனக்கு ஓர் அவசர வேலை வந்துவிடும். டயருக்குக் காற்றுப் பார்ப்பேன். என் டயர்களைப் போலக் கவனிக்கப்பட்ட டயர்கள் சிட்னியில் கிடையாது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அறுபத்தாறு வயதில் ஒருவன் சீகிரியாவில் இருந்து இறங்குவது லேசு அல்ல.

அப்போதுதான் அந்தத் தீர்மானத்தை எடுத்தேன். பயணம் நிற்கவேண்டும். நான் நிறுத்தியதாக இருக்கக்கூடாது.

எங்கள் சனத்திடம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் கால் வைத்தால், அங்கே இருக்கும் சொந்தக்காரர் எல்லோருடைய வாசலிலும் கால் வைக்கவேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு மற்ற வீட்டில் தேத்தண்ணி மட்டும் குடித்தால்கூட, அது பத்து வருடம் பேசப்படும். ஆகவே குணவதி ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்று.

நான் பாரிசில் இருக்கும் என் தங்கை ரஞ்சினிக்குப் போன் எடுத்தேன்.

“ரஞ்சினி, ஒரு விசயம். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

“நான் ஏன் அண்ணை சொல்லப்போறன்?”

“ஆனியில நாங்கள் இத்தாலிக்கு வாறம். ஆறு நாள்.”

“இத்தாலியில ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. சும்மா கடல் பாக்க.”

“கடல் பாக்க,” என்றாள் ரஞ்சினி. “சிட்னியில கடல் வத்திப்போச்சோ?”

“குணத்துக்கு ஆசை.”

“நல்லது அண்ணை. போட்டு வாங்கோ. நாங்கள் இஞ்ச இருக்கிறமோ செத்தமோ எண்டு பாக்கத் தேவையில்லை.”

எனக்குத் திருப்தியாக இருந்தது. தேத்தண்ணி போட்டேன். குடித்து முடிக்கவில்லை, பேர்னில் இருந்து என் அண்ணர் சச்சிதானந்தனின் அழைப்பு வந்தது. அவர் வைக்க, டோர்ட்முண்டில் இருந்து மாமாவின் மகன் மகேந்திரராஜா. குணவதிதான் பேசினாள். ஓம், ஓம், வராமல் விடுவமே, என்று எல்லோருக்கும் ஒரே குரலில் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இவைக்கு ஆர் சொன்னது?”

“வினுஷா பேஸ்புக்கில போட்டிருப்பாள்.”

உடனே ரோவிலுக்கு அழைத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அப்பா, ஐ டோன்ட் ஈவன் ஹாவ் ஃபேஸ்புக்,” என்றாள் மகள்.

நான் கணக்குப் பார்த்தேன். பேர்னில் இரண்டு வீடு, டோர்ட்முண்டில் இரண்டு, பாரிசில் மூன்று. ஏழு வீடு, ஆறு நாள். இரண்டு நாள் கழித்து, அவள் பாகற்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

“குணம், இனி என்ன செய்யிறது. ஏழு வீடும் போகாட்டி முறையில்லை. ஏழு வீடும் போனால் கடல் இல்லை. இந்தமுறை விடுவம். பிறகு பாப்பம்.”

கத்தி நின்றது. “பிறகு எண்டால்?”

“வாற வருசம்.”

அந்த வருசம் வந்தபோது உலகமே கதவைப் பூட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த வருசம் அவள் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய முகம் தெரிந்தது. பார்க்காமல் விட்டிருக்கலாம், பார்த்துவிட்டேன். இருபத்தாறு வருடம் ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டவள் கேட்டது ஆறு நாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“பாகற்காய்க்கு உப்புப் போட்டுப் பிழிஞ்சனியோ?” என்று கேட்டேன்.

“ஓம்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனோம். அது பேரில் மட்டும் மலையாக இருக்கும் கோயில், அதனால் எனக்குப் பிடித்த கோயில். குணவதி நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். நான் முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. குன்று குன்றாக ஏறி நிற்கிறவருக்கு என் கஷ்டம் விளங்கும் என்று தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வாசலில் யோகா நின்றார். அடுத்த தெருவில் இருப்பவர், குணவதியின் சிநேகிதி. தாதி வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். கையில் பயணப்பெட்டி நிறுக்கும் தராசு ஒன்று வைத்திருந்தார். நான் அதை யோசிக்கவில்லை. குணவதி தேத்தண்ணி போட்டு மூன்று பேருக்கும் வைத்தாள்.

“இஞ்சருங்கோ, நீங்கள் சொன்னதை நல்லா யோசிச்சன். சரிதான். ஏழு வீடும் போகத்தான் வேணும்.”

“அதைத்தானே சொன்னனான்.”

“நீங்கள் போங்கோ.”

“எங்கை?”

“ஏழு வீட்டுக்கும். ஏழும் உங்கட சனம். நீங்கள் வந்தால் நான் வந்த மாதிரி எண்டு எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். அவைக்கு நல்ல சந்தோசம்.”

“அப்ப நீ?”

“நான் யோகாவோட கடலுக்குப் போறன்.”

யோகா தேத்தண்ணியை ஊதினார். “அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் அவவை வடிவாப் பாப்பன்.”

“புருசன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம். சனம் என்ன சொல்லும்?”

“சனத்தைப் பாக்கத்தானே போறியள்,” என்றாள் குணவதி. “கேட்டுக்கொண்டு வாங்கோ.”

மறுக்க வழியில்லை. ஏழு வீடும் போகவேண்டும் என்று சொன்னவன் நான். ஆனி மாதம் மூன்று பேரும் ரோம் விமான நிலையத்தில் இறங்கினோம். அவர்கள் இருவரும் தெற்கே போகும் ரெயினுக்குப் போனார்கள். நான் வடக்கே போகும் ரெயினில் ஏறினேன். குணவதி ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். யோகா இரண்டு கையாலும் அசைத்தார்.

பேர்னில் அண்ணர் வீடு எட்டாம் மாடியில் இருந்தது. ஜன்னல் பக்கத்துக் கதிரையை எனக்கு ஒதுக்கியிருந்தார், ஆல்ப்ஸ் மலை தெரியும் என்று. நான் ஆல்ப்சுக்கு முதுகு காட்டி இருந்து புட்டுச் சாப்பிட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் அடுத்த வீட்டில் மறுபடியும் புட்டு.

டோர்ட்முண்டில், கதவு திறந்ததும், குணம் எங்கை என்று கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள் என்பது தெரிந்தும், பெண்சாதி கடல் பார்க்கிறாள், நான் உங்களைப் பார்க்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“முழங்கால் நோ. படி ஏறேலாது. அதுதான் ஒரு இடத்தில இருக்கட்டும் எண்டு விட்டனான்.”

மகேந்திரராஜாவின் மனைவி மேனுகா தன் கைபேசியைக் காட்டினாள். யோகா அனுப்பிய படம். அமால்ஃபி தேவாலயத்தின் நீளமான படிக்கட்டு. அதன் உச்சிப் படியில், தலையில் தொப்பி, கையில் எலுமிச்சை ஐஸ்கிரீம், என் மனைவி.

“அக்கா எங்களுக்கு முதலே உண்மையைச் சொன்னவ, தனக்கு ஆறு நாள் ஓய்வு வேணும் எண்டு. நாங்களும் போட்டு வாங்கோ அக்கா எண்டனாங்கள். நீங்கள் ஏன் அண்ணை பொய் சொல்லுறியள்?”

பாரிசுக்கு நான் போவதற்கு முன்னமே இது போய்விட்டது. “முழங்கால் எப்பிடி அண்ணை?” என்று கேட்டுத்தான் ரஞ்சினி கதவைத் திறந்தாள்.

பாரிசின் மூன்றாவது வீட்டில் எல்லோருக்கும் வேலை நாள். மருமகப்பிள்ளை ஓடி ஓடிச் சமைத்தான். சும்மா இருக்கக் கூச்சமாக இருந்தது. வெங்காயத்தைத் தா, நான் வெட்டுகிறேன் என்றேன். ஒரு கிலோ தந்தான். சிங்குக்கு மேலே ஜன்னல் இருந்தது. வெளியே சுவர். வெங்காயம்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். பாதி உண்மை.

ஏழாம் நாள் ரோம் விமான நிலையத்தில் சந்தித்தோம். என் கையில் ஐந்து பொதிகள், சிட்னியில் யார் யாருக்கோ கொடுக்கச் சொல்லித் தந்தவை. குணவதி ஒரு சின்னப் பையோடு நின்றாள். வெயிலில் கறுத்திருந்தாள். இருபது வயது குறைந்த மாதிரி நின்றாள். யோகா சொக்கலேற் வாங்கப் போனார்.

எனக்கு ஏதாவது ஓர் ஆறுதல் வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் போகாமல் தப்பிவிட்டேன், அதுவாவது மிச்சம் என்று நினைத்தேன்.

“பாதை எப்பிடி? பயமோ?”

“எந்தப் பாதை?”

“மலையில பஸ் போற பாதை.”

“அதில ஆர் போனது? சலேர்னோ வரைக்கும் ரெயின். அங்கையிருந்து படகு. அமால்ஃபியில இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்கிறது, அறை நிலத்தோட. எல்லாம் வினுஷா தை மாசமே புக் பண்ணினவள்.”

தை மாதம். நான் ரஞ்சினிக்குப் போன் எடுத்தது மாசியில்.

“ஏன் படகு?”

கடவுச்சீட்டுகளை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். “கலியாணம் முடிச்ச புதிசில நீங்கள் ஏணியில ஏறி பல்ப் மாத்தினது ஞாபகமே? ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். அது நடுங்கின நடுக்கம் எனக்குத் தெரியாதே? அண்டையிலயிருந்து எங்கட வீட்டில பல்ப் மாத்திறது ஆர்?”

அவள்தான். நான் கீழே நின்று கவனம், கவனம் என்று சொல்வேன்.

“தெரிஞ்சால் ஏன் சொல்லேல்ல?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

விமானத்துக்கு அழைத்தார்கள். எழும்பினோம். நடக்கும்போது, அறையாவது நல்லதோ என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“நல்லது. வாசல்ல கடலைப் பாத்தபடி ரெண்டு கதிரை. ஒண்டு சும்மா கதிரை. மற்றது உங்கட நாரிக்கெண்டு எழுதிக் கேட்டு எடுப்பிச்சது, சாய்மானத்தோட.” குணவதி என் கையில் இருந்த பொதிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். “அதில இருந்து யோகாவுக்கு நாரி நோ முழுக்கச் சுகமாயிட்டுதாம்.”