ஒற்றைக் காதுக் கோப்பை

துப்பாக்கிக்குள் குண்டு எந்த வழியாகப் போகும் என்று மூக்குக் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது குற்றமில்லை, ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பாதிப் பேரில் யாரும் கட்டிய மனைவியிடம் இருபது வருஷமாக, 'காலேஜ்ல நான் துப்பாக்கி சுடுறதுல சாம்பியன்' என்று அளந்துகொண்டிருக்கவில்லை.

எல்லாம் அந்தக் கோப்பையால் வந்த வினை. பென்சில் போட்டு வைக்கலாமே என்று பழைய சாமான் கடையில் வாங்கியது. மேலே ஒரு துப்பாக்கிப் படம், பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள், இரண்டு காதுகளில் ஒன்று இல்லை. கல்யாணம் பேசப் பெற்றோருடன் அவர் வீட்டுக்கு வந்த பெண் அதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அதுவரை அவரை நாற்காலியைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"நான் ஜெயிச்சது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் அவரை வெகு நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அடுத்த மாதமே கல்யாணம்.

அந்தச் சிரிப்பு கோப்பைக்குத்தான் கிடைத்தது, தமக்கல்ல என்ற பயம் அன்று பிடித்தது. இன்றுவரை விடவில்லை. வாரம் தவறாமல் அவள் அதைப் பளபளவென்று துடைத்து வைக்கும்போதெல்லாம் அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். காது எப்படி உடைந்தது என்பதற்கு மட்டும் இதுவரை நான்கு கதை சொல்லியிருக்கிறார். நான்கையும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறாள்.

இப்போது கல்யாண நாள் பரிசு என்று மகள் இருவரையும் சுடும் கூடத்துக்கே இழுத்து வந்துவிட்டாள். மனைவி வர மறுப்பாள் என்று நம்பியிருந்தார். அவளோ அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சார், குண்டு போட்டுட்டீங்களா?" என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

"எங்க காலத்துல துப்பாக்கி வேற மாதிரி இருக்கும்மா."

"காற்றுத் துப்பாக்கி அம்பது வருஷமா இதே மாதிரிதானே சார்?"

"அதான் சொன்னேன். எங்க காலத்துல வேற மாதிரி பிடிப்போம்" என்று துப்பாக்கியோடு சடாரென்று திரும்பினார். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேர் தரையோடு தரையாகப் படுத்தார்கள்.

"சார்! குழாய் எப்பவும் இலக்கு அட்டையைத்தான் பார்க்கணும்!"

"தெரியும், தெரியும். எல்லாரும் உஷாரா இருக்காங்களான்னு சோதிச்சேன்."

மகளாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "எங்கப்பா பழைய சாம்பியன்!" என்று கூவிவிட்டாள். படுத்திருந்தவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, அவரைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். ஒருவர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

தப்பிக்க ஒரு வழி தோன்றியது. "தோள்ல ஒரு பிடிப்பு இருக்கு. இன்னிக்கு வேண்டாமே."

"அதனாலென்ன சார், இடது தோள்ல வெச்சுச் சுடுங்க. சாம்பியனுக்கு எந்தத் தோளா இருந்தா என்ன?" என்று பயிற்சிப் பெண்ணே குண்டைப் போட்டு இடது தோளில் பொருத்திவிட்டாள். வலது தோளிலேயே சுடத் தெரியாதவர் இடது தோளுக்கு வந்து சேர்ந்தார்.

மூக்குக் கண்ணாடி துப்பாக்கியின் கட்டையில் இடித்தது. "நாங்கல்லாம் வெறுங்கண்ணாலதான் சுடுவோம்" என்று அதைக் கழற்றிப் பையில் போட்டார். கூட்டம் 'ஆஹா' என்றது. எதிரே இருந்த அட்டைகள் மொத்தமும் கலைந்து போய் ஒரே வெள்ளைப் புகையாகத் தெரிந்தன.

அடுத்தது, எந்தக் கண்ணை மூடுவது? காலையிலிருந்து மாலைவரை, 'வலது கண்ணை மூடுங்க, இடது கண்ணை மூடுங்க' என்று ஊரார் கண்களை ஆட்டி வைக்கிறவருக்குத் தம் கண் எது என்று தெரியவில்லை. பதற்றத்தில் இரண்டையும் மூடிக்கொண்டார். அதுவே நிம்மதியாக இருந்தது.

பக்கத்துத் தடுப்பில் மனைவி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப்போலப் பக்கவாட்டாக நின்றாள். அவள் துப்பாக்கியில் எப்படியோ குண்டு ஏறியிருந்தது. யாரோ உதவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஐந்து குண்டு. முடிந்தது. அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இலக்கு அட்டை மாட்டும் கிழவர் எதிர்ச் சுவரிலிருந்து அட்டைகளைக் கழற்றிக்கொண்டு, நழுவும் மூக்குக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி வந்தார். "சார் அட்டை துவைச்ச சட்டை மாதிரி இருக்கு. ஒரு பொட்டு இல்ல" என்றார். "அம்மா அட்டையிலதான் பத்து ஓட்டை."

கூட்டம் திகைத்தது. அஞ்சு குண்டுக்குப் பத்து ஓட்டையா?

அட்டையைப் பார்த்தார்கள். ஐந்து ஓட்டைகள் நட்ட நடுக் கறுப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மற்ற ஐந்தும் ஓரங்களில் திக்குக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. பயிற்சிப் பெண் அவரைப் பார்த்தாள். மகள் அவரைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

இருபது வருஷப் பொய் இங்கே சாவதா? கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"என் அட்டையில சுடுறதுல என்ன பெருமை இருக்கு? பக்கத்து அட்டையில, அதுவும் கண்ணை மூடிக்கிட்டுச் சுடணும். நடுவுல இருக்கிற அஞ்சும் என்னுது. பாவம், ஓரத்துல இருக்கிறதெல்லாம் இவளுது. முதல் தடவை இல்லையா, போகப் போகச் சரியாயிடும்."

மனைவி அந்த ஐந்து ஓட்டைகளையும் விரலால் தடவினாள். "ஆமாங்க. அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தாள். அதே சிரிப்பு.

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பயிற்சிப் பெண் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல இருந்தது. கிழவரின் கண்ணாடி மறுபடி நழுவுவதைப் பார்த்தார்.

"இப்படிக் கொடுங்க பெரியவரே. இது என் தொழில்."

பையிலிருந்த குட்டித் திருப்புளியை எடுத்தார்.  இரண்டு திருகாணியையும் முடுக்கி, புழுதியைத் துடைத்து, காதில் மாட்டும் காம்பை நிமிர்த்தி, கிழவரின் மூக்கில் கச்சிதமாக உட்கார வைத்தார்.

"இப்ப பாருங்க, எல்லாம் பளிச்சுன்னு தெரியும்."

கிழவர் பார்த்தார். கூரையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கடைசியாகக் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று.

"அடடே, நீயா பாப்பா! இப்படி நடுவுல சுட உன்னை விட்டா யாரு? ஆமா, நீ ஜெயிச்ச அந்த ஒத்தைக் காதுக் கோப்பையை உங்கம்மா பழைய சாமான் கடையில போட்டுட்டாங்கன்னு இங்க வந்து அப்படி அழுதியே, கடைசியில அது கிடைச்சுதா?"