மையச் செயலகம் மாற்றப்பட்ட வரலாறு

அரசு ஊழியர்களின் கைவேகம் குறைந்துவிட்டதோ என்று மேலிடத்துக்கு ஒருநாள் கவலை வந்தது. மேசைக்கு அடியில் நீளும் கை இந்தக் கவலையில் சேராது. கவலை வந்தால் பின்னாலேயே சுற்றறிக்கை வருவது முறை, வந்தது. கணினியில் கார்ப் பந்தயம் ஆடுகிறவர்களுக்குக் கையும் கண்ணும் ஒருசேர விரைந்து இயங்குவதாக நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து தெரியவருவதாலும், அவ்வாறு இயங்கினால் பொதுமக்களின் குறைகள் தாமாகவே தீர்ந்துவிடும் என்று கருதப்படுவதாலும், எல்லாத் துறை அலுவலகங்களும் ஒரு போட்டியாளரையும் ஒரு கணினியையும் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. வெல்பவருக்கு ஒரு கேடயம். கூடவே, விரும்பிய ஊருக்கு மாற்றல்.

குடிநீர் வாரியத்தின் கிளை அலுவலகத்தில் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தவள் டைப்பிஸ்ட். அவள் புருஷன் ஒரு ராத்திரி பஸ் தூரத்தில், வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து இவள் மாற்றலுக்கு மனு போடுவதும், அது பரிசீலனையில் இருப்பதுமாகக் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. மற்றப் புருஷன் பெண்டாட்டி சாயங்காலம் காலாற நடந்துவிட்டு வருவார்கள். இவர்கள் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து போனில் கார்ப் பந்தயம் விடுவார்கள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். அவன் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வான்.

"நானே ஆடறேன் சார்" என்று அவள் போய் நின்றதும் கண்காணிப்பாளருக்குப் பெரிய நிம்மதி. இல்லாவிட்டால் அவரே ஆட வேண்டியிருக்கும். ஓய்வு பெறுகிற வயசில் சுவரில் மோத அவருக்கு விருப்பமில்லை.

ஆனால் அலுவலகக் கணினி குடிநீர்க் கட்டண ரசீது அடிப்பதற்காக வாங்கப்பட்டது. அதில் பந்தயத்தைப் போட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் பின்னால் கூடி நின்றார்கள்.

"வண்டி எங்கம்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

"சுவத்துக்குள்ள இருக்கு சார். முட்டின சத்தம் வந்துச்சு."

"எப்பப் போச்சு?"

"தெரியல சார். இப்பத்தான் கிளம்பினதையே காட்டுது."

அங்கே ஓர் இளநிலைப் பொறியாளர் இருந்தார். போன், கைக்கடிகாரம், செருப்பு எதுவானாலும் நேற்று வெளிவந்ததாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'லேட்டஸ்ட்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"ப்ராசஸர் பத்தாது சார். கம்ப்யூட்டரோட மூளை அதுதான்."

"மூளை இல்லாமலா இத்தனை வருஷம் ரசீது அடிச்சுது?"

"ரசீது அடிக்க மூளை வேண்டாம் சார்."

ரசீதுப் பிரிவில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நிதி கேட்டுக் கடிதம் போயிற்று. அலுவல் மொழியில் ப்ராசஸர் என்று எழுத முடியாது. அகராதியைப் புரட்டி, 'மையச் செயலகத்தை மாற்றி மேம்படுத்த நிதி ஒதுக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று டைப்பிஸ்ட்டே அடித்தாள். பதில் சூடாக வந்தது. செயலகத்தை மாற்றுவது அமைச்சரவையின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது. இப்போதிருக்கும் செயலகத்தின் மூளையில் என்ன குறை கண்டீர்கள் என்பதைக் கிளை அலுவலகம் உடனே விளக்க வேண்டும்.

கண்காணிப்பாளருக்கு ஓய்வூதியம் கண்ணெதிரே கரைவது போல இருந்தது. 'மேற்படி செயலகம் கணினிக்குள் இருப்பது, உள்ளங்கையில் அடங்கக்கூடியது, மாண்புமிகு எவரும் அதில் அமர்வதில்லை' என்று விளக்கம் எழுதினார். மேலிடம் சாந்தமாகி, உள்ளங்கையில் அடங்குகிற பொருளுக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கே ஒரு தொகையையும் அனுமதித்தது. நிபந்தனைகள் இரண்டு. தொகையைச் செயலகம் தவிர வேறெதற்கும் செலவிடக் கூடாது. வாங்குவது நவீனமானதாக இருக்க வேண்டும்.

மூன்று பேர் கொண்ட கொள்முதல் குழு கடைக்குப் புறப்பட்டது. கண்காணிப்பாளர் தலைவர், லேட்டஸ்ட் தொழில்நுட்ப வல்லுநர், டைப்பிஸ்ட் பயனாளி.

கடைக்காரர் முதலில் ஒரு ஃபேனை எடுத்து வைத்தார். பெட்டிக்குள் மாட்டினால் ஏழு கலரில் எரியும் என்றார். லேட்டஸ்ட்டின் முகமும் ஏழு கலரில் எரிந்தது.

"எரிஞ்சா வேகமா ஓடுமாங்க?" என்றாள் டைப்பிஸ்ட்.

"ஓடாதும்மா. ஓடற மாதிரி இருக்கும்."

அது குழுவிடம் விலை போகாது என்று தெரிந்ததும் கடைக்காரர் பெருமூச்சு விட்டு வியாபாரத்துக்கு வந்தார். ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நகர்த்தினார். "உங்க கம்ப்யூட்டர் போர்டுல உக்கார்றது இதுதான். ரெண்டு தலைமுறைக்கு முந்தினது, அதனால விலை இறங்கிடுச்சு. ஆறு கோர். கார் ஆட்டத்துக்குத் தாராளம். நீங்க சொல்ற பட்ஜெட்ல மிச்சமே வரும்."

"கோர்னா?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஆறு பேர் உக்காந்து வேலை செய்யற மாதிரி சார். சாதாரண வேலைன்னா ரெண்டு பேர் செய்வாங்க. மத்தவங்க சும்மா இருப்பாங்க."

"நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லுங்க" என்று கண்காணிப்பாளர் அந்தப் பெட்டியைப் பாசத்தோடு பார்த்தார்.

லேட்டஸ்ட் மட்டும் யாரோ கடித்த பழத்தை நீட்டியது போல முகத்தைச் சுளித்தார். "ரெண்டு தலைமுறை பழசா? வெளிய சொன்னா சிரிப்பாங்க சார். பழைய தலைமுறையெல்லாம் எதுக்குமே ஆகாது."

"எதுக்குமேவா?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஐயோ, உங்களச் சொல்லல சார். ஆர்டர்லயே நவீனமானதுன்னு இருக்கே?"

இருந்தது. கண்காணிப்பாளர் பெட்டியை மனமில்லாமல் தள்ளி வைத்தார். "சரி, நவீனமானதுல நம்ம தொகைக்கு என்ன வரும்?"

"இந்த வருஷத் தலைமுறையில அடிமட்டம் வரும். ரெண்டே கோர். பேர்தான் புதுசு. இதைவிட அது மெதுவாத்தான் ஓடும். அதுவும் உங்க போர்டுல உக்காரவே உக்காராது. புதுப் போர்டு வாங்கணும், அதுக்குப் புது ரேம் வாங்கணும்..."

"வேற எதுக்கும் செலவு பண்ண அதிகாரமில்ல. உக்காரணும்னு ஆர்டர்ல எங்கயாவது இருக்கா?"

லேட்டஸ்ட் ஆணையைப் புரட்டினார். "இல்ல சார்."

"அப்ப அது நம்ம பிரச்சினை இல்ல."

"சார், உக்காரலைன்னா எப்படி ஓடும்?" என்றாள் டைப்பிஸ்ட்.

"கவலைப்படாதம்மா. நம்ம ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க மட்டும் யாரு ஓடறாங்க?"

புதுச் செயலகம் வந்து சேர்ந்தது. லேட்டஸ்ட் கணினிப் பெட்டியைத் திறந்து, செயலகத்தைத் திருப்பி, சாய்த்து, மூச்சைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். உட்காரவில்லை. கணினியில் பொருத்தப்பட்டதற்கான சான்றை உடனே அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து நினைவூட்டல் வேறு வந்துவிட்டது.

கண்காணிப்பாளர் அந்த நினைவூட்டலைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். "'கணினியில்'னுதான் இருக்கு. 'கணினிக்குள்'னு இல்லையே."

இருபுறமும் ஒட்டும் நாடா வாங்கி வரப்பட்டது. பழையதை உள்ளேயே விட்டுவிட்டு, பெட்டியின் முகப்பில், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், புதுச் செயலகம் பொருத்தப்பட்டது. பார்க்க லட்சணமாகவே இருந்தது. கண்காணிப்பாளர் பட்டனை அழுத்தினார்.

"முன்னைக்கு இப்ப வேகமா இருக்குல்ல?"

"பறக்குது சார்" என்றார் லேட்டஸ்ட். "நல்ல முன்னேற்றம்" என்றது ரசீதுப் பிரிவு. எல்லாரும் டைப்பிஸ்ட்டைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் போனில் புருஷன் கேட்டான். "நீ என்ன சொன்னே?"

"நானும் ஆமான்னுட்டேங்க."

"ஏன்மா?"

"எல்லாரும் சொல்லவும் எனக்கும் கொஞ்சம் வேகமாத்தான் தெரிஞ்சுது. அதான் பயமா இருக்கு."

அவன், "ரோடு லேட்டாத்தானே வருது? வந்தப்புறம் திரும்பினாத்தானே முட்டும்? வர்றதுக்கு முன்னாடியே திரும்பிடு" என்றான்.

அதற்குப் பிறகு மத்தியான இடைவேளைகளில் அவள் காதில் போனை வைத்துக்கொண்டு அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். அங்கே அவன், ஊசி போட்டு முடித்த கையோடு, போட்டிக்கென்று அறிவித்திருந்த அதே பாதையைத் தன் போனில் ஓட்டிக்கொண்டே சொல்வான். வலது, நேர், நேர், இடது, பாலம், வலது. அவள் அதை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தாள். வார்டில் ஒரு நோயாளி, "இடதுன்னீங்களே, ஊசி வலது கையிலல்ல போட்டீங்க?" என்று கேட்டதாகக் கேள்வி.

போட்டி நாளன்று அரங்கத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எல்லா அலுவலகங்களுக்கும் அதே ஆணைதான் போயிருந்தது, எல்லா அலுவலகங்களிலும் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு கணினியில் செயலகம் நூலில் தொங்கியது. இன்னொன்றில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கருவூலத்தார், பாதுகாப்புக் கருதி, செயலகத்தைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவியை மட்டும் கணினியில் கட்டியிருந்தார்கள். மின்வாரியம் ஒன்றுதான் விதியை மீறி உள்ளுக்குள் உட்காருகிற நல்ல ப்ராசஸரோடு வந்திருந்தது. அரங்கத்தில் மின்னழுத்தம் குறைவாக இருந்ததால் அது எழுந்திருக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. மற்றவர்கள் பாதையைப் பார்த்து ஓட்டினார்கள்; பாதை வந்து சேருவதற்குள் சுவரில் இருந்தார்கள். டைப்பிஸ்ட் திரையையே பார்க்கவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உதடு முணுமுணுக்க, இன்னும் வராத வளைவுகளுக்கெல்லாம் திரும்பிக்கொண்டே போனாள். முடிவுப் பலகையில் அவள் பெயர் முதலில் வந்து, எல்லாரும் கை தட்டி ஓய்ந்த பிறகுதான் அவள் வண்டி பாலத்தைத் தாண்டுவது திரையில் தெரிந்தது.

மேடையில் சிறப்பு விருந்தினர், அரசுச் செயலகத்தின் மூத்த செயலர், கேடயத்தைக் கையில் பிடித்தபடி கேட்டார். "இந்த வெற்றிக்கு என்ன காரணம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார். "எல்லாம் மையச் செயலகம்தான் சார்!"

செயலர் உள்ளம் குளிர்ந்தார். இத்தனை வருஷப் பணியில் செயலகத்தால் ஒரு காரியம் நடந்ததாக யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆணை சீக்கிரமே வந்தது. 'வெற்றிக்கு மையச் செயலகமே காரணம் என்று கிளை அலுவலகமே சான்றளித்திருப்பதால், விரும்பிய ஊருக்கு மாற்றல் என்னும் சலுகை அச்செயலகத்தைத் தாங்கிய கணினிக்கு வழங்கப்படுகிறது. ஊர்: தட்டச்சரின் மனுவில் கண்டபடி.'

அவள் அதைப் படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. போனில் புருஷன் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"நான் போய்ப் பார்க்கட்டுமா அதை?"

"பாருங்க. அது ஒண்ணாவது வந்து சேரட்டும்."

கணினியை அனுப்புவதற்கான பொருள் விவரத்தை அவள்தான் அடிக்க வேண்டும். கணினி ஒன்று. திரை ஒன்று. விசைப்பலகை ஒன்று. மவுஸ் ஒன்று. அங்கே கை நின்றது. பந்தயத்தில் வராத வளைவுக்குத் திரும்பிய அதே விரல்கள், அடுத்த வரியை அடித்தன. தட்டச்சர் ஒன்று.

கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட எடுத்தவர் பேனாவை நிறுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இலக்கணம் இடிக்குதேம்மா. 'ஒருவர்'னு இல்ல வரணும்?"

"ஒருவர்னா ஆள் சார். ஆளுக்கு மாற்றல் கிடையாதுன்னு ஆர்டர். ஒன்றுன்னாத்தான் சாமான்."

அவர் வெகுநேரம் யோசித்தார். விதியில் எங்கும் இடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

புது ஊரில் கிடங்குப் பொறுப்பாளர் சாமான்களைச் சரிபார்த்தார். "விசைப்பலகை, சரி. மவுஸ், சரி. தட்டச்சர் எங்க?"

"நான்தாங்க."

"பேக்கிங் இல்லாமலா அனுப்பிட்டாங்க? உடைசல் கிடைசல் இருக்கா?"

"இல்லீங்க."

அவர் ஓர் எண் எழுதின வில்லையை அவள் கைப்பையில் கட்டினார். வாசலில் புருஷன், ஆஸ்பத்திரி உடுப்பைக்கூட மாற்றாமல், நின்றுகொண்டிருந்தான். அரசு சாமானை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். மாலையில் எடுத்துச் சென்று காலையில் நல்ல நிலையில் ஒப்படைப்பதாக அவன் எழுதிக் கொடுத்தான். இவ்வளவு சந்தோஷமாக ஒரு கையெழுத்தை அவன் கல்யாணப் பதிவுக்குக்கூடப் போட்டதில்லை.

விஷயம் பரவாமல் இருக்குமா? ஊர் ஊராக ஊழியர்கள் தங்களையும் சாமானாகச் சேர்க்கும்படி மனுப் போட்டார்கள். லேட்டஸ்ட், பிறகு தேடிப் போய் வாங்கிய ஏழு கலர் ஃபேனோடு சாமானாகப் போனார். கண்காணிப்பாளர், ஆளுக்குத்தான் ஓய்வு, மரச்சாமானுக்கு இல்லை என்பதைக் கண்டுபிடித்து, தம்மைத் தம் நாற்காலியின் ஒரு பாகமாகப் பதிவு செய்யச் சொல்லி எழுதினார். ஆய்வு செய்ய ஓர் அதிகாரி வந்தார். நாற்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் இத்தனை வருஷமாக இப்படியேதான் இருந்து வந்திருப்பதாகக் குறிப்பெழுதி ஒப்புதல் கொடுத்தார்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்கிற நாமும் ஒரு மனுவை நீட்டினோம். உள்ளே இருந்தவர் வாங்கக்கூட இல்லை.

"உங்களுக்கெல்லாம் எதுக்குங்க தனியா மனு? கவுண்டர் வாங்கின அன்னைக்கே உங்களையும் அதுல சேர்த்தாச்சே!"